வெட்டத் தெரிந்தால் தைக்கத் தெரியும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று பெரியோர் கூறுவர். பண்டிகை நெருங்கும்போது அந்த ஆடைப் பாதிக்காக நாம் படும் பாடு கொஞ்சமல்ல. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று எந்தப் பண்டிகை வந்தாலும், இரண்டு வாரங்களுக்கு முன்பே தையற்கடைகளில் ‘இனி ஆர்டர் எடுப்பதில்லை’ என்ற அட்டை தொங்கத் தொடங்கிவிடும். துணி எடுத்தும் தைக்க ஆளில்லாமல் அலையும் தாய்மார்கள் பலர். வீட்டில் ஒருவருக்கு எளிய கவுன் ஒன்று தைக்கத் தெரிந்திருந்தால் இந்த அலைச்சல் பாதியாகக் குறையும். முதன்முதலாகத் தைப்பவர்களும் பின்பற்றக் கூடிய முறையில் அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தைப்பது என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது தையல் மெஷின்தான். உண்மையில் ஓர் உடையின் அழகையும் அளவையும் தீர்மானிப்பது கத்தரிக்கோல். நம் மொழியே இதற்குச் சான்று கூறுகிறது. துணித்து எடுப்பதால் ‘துணி’, துண்டிப்பதால் ‘துண்டு’, வெட்டுவதால் ‘வேட்டி’ என்று தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். பழந்தமிழில் ஆடைக்கு ‘அறுவை’ என்றும் ஒரு பெயர் உண்டு. அறுக்கப்படுவது அறுவை. சங்கப் புலவர்களுள் ஒருவர் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அதாவது, அவர் துணி வணிகம் செய்தவர்.

எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் தையல் மெஷின் இருக்கிறது. ஒரு வீட்டில்தான் அது ஓடும் சத்தம் கேட்கும். மற்ற இரண்டும் துணியால் மூடப்பட்டு, மேலே பொருள்கள் வைக்கும் மேசையாகிவிட்டன. அந்த வீட்டு அக்காமார்களுக்குத் தைக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ‘வெட்டிக் கொடுத்தால் தைத்துவிடுவேன்’ என்பதே அவர்கள் சொல்லும் பதில். வெட்டுவதற்கு இன்னொருவரை எதிர்பார்க்கும் வரை மெஷின் சொந்தமாக இருந்தாலும் தொழில் சொந்தமாகாது. ஆகவே, வெட்டுவதற்குப் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்வதே முதற்பாடம்.

தேவையான பொருள்கள்

அங்குல நாடா (டேப்), கூர்மையான கத்தரிக்கோல், சாக்கட்டி, குண்டூசிகள், துணியின் நிறத்திலேயே நூல், ஒரு கொக்கி, பழைய செய்தித்தாள், சலவைப் பெட்டி ஆகியவை போதும். காகிதம் வெட்டும் கத்தரியைத் துணிக்கும், துணி வெட்டும் கத்தரியைக் காகிதத்திற்கும் பயன்படுத்தக் கூடாது. காகிதம் வெட்டினால் கத்தரியின் முனை மழுங்கி, பிறகு துணியைக் கடிக்கத் தொடங்கும்.

துணி பருத்தியாக இருப்பது நல்லது. வழுக்கும் பட்டும் நைலக்ஸும் பழகிய கைகளுக்கே கட்டுப்படும். மேலும், பங்குனி சித்திரையில் நம் தருமபுரி வெயிலுக்குக் குழந்தைகளுக்கு ஏற்றது பருத்தியே. கட்டமோ கோடோ போட்ட துணியைவிடச் சிறு பூப்போட்ட துணி தொடக்கத்திற்கு ஏற்றது. இணைப்பில் சிறிது முன்பின் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஆறு வயதுக் குழந்தையின் கவுனுக்கு 36 அங்குலப் பன்னா உள்ள துணி ஒன்றரை மீட்டர் தேவை. பன்னா என்பது துணியின் அகலம். கடையில் துணியை மீட்டரில் அளப்பார்கள். நாம் அங்குலத்தில் வெட்டுவோம். ஒரு மீட்டர் 39 அங்குலத்திற்குச் சற்று அதிகம் என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் வராது. ஒன்றரை மீட்டர் என்பது ஏறத்தாழ 59 அங்குலம்.

நனைத்தல்

வாங்கிய துணியை உடனே வெட்டக் கூடாது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, சலவைப் பெட்டி போட வேண்டும். நெய்யும்போதும் கஞ்சி போடும்போதும் நூல் இழுத்துப் பிடிக்கப்படுகிறது. தண்ணீர் பட்டவுடன் அது தன் இயல்பான நீளத்திற்குத் திரும்புகிறது. இதையே துணி சுருங்குகிறது என்கிறோம். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட்டால், முதல் சலவையில் கவுன் சிறியதாகிவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. சாயம் போகும் துணியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பாவும் ஊடையும்

துணியின் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. தறியில் இழுத்துக் கட்டப்படுவது பாவு நூல் என்பதால் அது உறுதியானது, எளிதில் நீளாது. ஆகவே, உடையின் நீளம் எப்போதும் பாவின் திசையில் வர வேண்டும். துணியின் கரை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுவே பாவின் திசை.

இரண்டிற்கும் இடையே மூலைவாட்டமாக இழுத்தால் துணி ரப்பரைப் போல நீளும். இதைக் ‘கிராஸ்’ என்பார்கள். நேர்த்துணி வளைவில் படியாமல் சுருங்கும். கிராஸ் துண்டோ வளைந்து கொடுக்கும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் வைக்கும் பட்டியைக் கிராஸில் வெட்டுவதற்கு இதுவே காரணம்.

அளவெடுத்தல்

குழந்தையை இயல்பாக நிற்கச் சொல்லி, மெல்லிய உடையின் மேல் அளவெடுக்க வேண்டும். மார்பைச் சுற்றி நாடாவை வைக்கும்போது உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். இடுப்பு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு நூலைக் கட்டிவிட்டால், அது தானே இடுப்பில் போய் நிற்கும். எடுத்த அளவுகளை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அந்த நோட்டே சொல்லும்.

ஆறு வயதாகும் என் தங்கையின் அளவுகளை உதாரணமாகத் தருகிறேன். மார்பு 24 அங்குலம். தோளின் அகலம் 10. தோளிலிருந்து இடுப்பு வரை 10. தோளிலிருந்து முழங்கால் வரை 24.

இனி ஒரு சிறு கணக்கு. மார்பளவுடன் தளர்ச்சிக்கு 3 அங்குலம் கூட்டினால் 27. அதை நான்கால் வகுத்தால் 6¾. தையலுக்கு 1 அங்குலம் சேர்த்தால் 7¾. உடலின் கால் பாகத்திற்கு வெட்ட வேண்டிய அகலம் இதுவே. மார்பு 26 அங்குலம் என்றால், இதே கணக்கில் 8¼ வரும். இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் எந்தக் குழந்தைக்கும் உடல்பாகம் வெட்டலாம்.

காகிதத்தில் வெட்டுதல்

தையல் வகுப்பில் எங்கள் சிஸ்டர் எடுத்தவுடன் துணியைக் கையில் தரமாட்டார், முதலில் செய்தித்தாள்தான். காகிதத்தில் தவறினால் இன்னொரு தாள். துணியில் தவறினால் இன்னொரு மீட்டர் என்பது அவர் கணக்கு.

செய்தித்தாளில் 11 அங்குல உயரமும் 7¾ அங்குல அகலமும் உள்ள ஒரு செவ்வகம் வரையுங்கள். இடுப்பு வரையுள்ள 10 அங்குலத்துடன், தோளுக்கு அரையும் இடுப்புக்கு அரையும் தையலாகச் சேர்ந்ததால் 11 ஆயிற்று. இடப்பக்கக் கோடு உடலின் நடுக்கோடு. மேல் இடமூலையிலிருந்து வலப்பக்கமாக 2½ அங்குலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அது கழுத்தின் அகலம். அதே மூலையிலிருந்து கீழே 3 அங்குலத்தில் முன்கழுத்தின் ஆழத்தையும், 1½ அங்குலத்தில் பின்கழுத்தின் ஆழத்தையும் குறித்து, இரண்டையும் கழுத்தகலப் புள்ளியுடன் வளைவாக இணையுங்கள்.

மேல்கோட்டில் 5 அங்குலத்தில் தோள்முனை. அங்கிருந்து அரை அங்குலம் கீழே இறங்கி, கழுத்துப் புள்ளியுடன் சாய்வாகச் சேருங்கள். நம் தோள்கள் பலகையைப் போல நேராக இல்லை அல்லவா? பிறகு வலப்பக்கக் கோட்டில் மேலிருந்து 6½ அங்குலத்தில் ஒரு புள்ளி வைத்து, தோள்முனையிலிருந்து அதுவரை உட்புறமாக வளையும் கோடு வரைந்தால் கைக்குழி கிடைக்கும். அதற்குக் கீழே பக்கவாட்டுக் கோடு நேராகவே இறங்கட்டும்.

துணியில் வெட்டுதல்

ஒன்றரை மீட்டர் துணியிலிருந்து 21 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளும், 11 அங்குல நீளத்தில் ஒரு துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 53 அங்குலம். எஞ்சுவது சுருக்கத்திற்கு ஈடாகும்.

11 அங்குலத் துண்டிலிருந்து 15½ அங்குல அகலத்தில் இரண்டு செவ்வகங்கள் எடுங்கள். ஒன்று முன்பக்கம், மற்றொன்று பின்பக்கம். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, மடிப்புகள் ஒரே பக்கம் வருமாறு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, காகிதத்தின் நடுக்கோடு மடிப்பின்மேல் படியும்படி குண்டூசி குத்துங்கள். தோள், கைக்குழி, பின்கழுத்து ஆகியவற்றை நான்கு மடிப்பிலும் சேர்த்து வெட்டலாம். அதன்பின் பின்பக்கத் துண்டை எடுத்துவிட்டு, முன்கழுத்தை மட்டும் 3 அங்குல ஆழத்திற்கு இறக்கி வெட்ட வேண்டும்.

21 அங்குலத் துண்டுகள் இரண்டையும் 30 அங்குல அகலத்திற்கு வெட்டினால் கீழ்ப்பாகம் தயார். இதற்கு வளைவே கிடையாது. ஓரத்தில் 6 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள் மிஞ்சும். ஒன்றிலிருந்து மூலைவாட்டமாக 1¼ அங்குல அகலத்தில் கிராஸ் பட்டிகள் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றை நீளவாக்கில் இரண்டாக்கினால் இடுப்பில் கட்டும் நாடாக்கள் கிடைக்கும். உடல்பாகம் வெட்டியபோது மிஞ்சிய துண்டு பின்கழுத்துத் திறப்பின் பட்டிக்கு உதவும். வீணாகும் துணி ஒரு பிடிகூட இராது.

தைக்கும் வரிசை

முதலில் தோள்களை இணையுங்கள். பின்பக்கத்தின் நடுவில் கழுத்திலிருந்து 5 அங்குலம் நேராகக் கீறி, பட்டி வைத்துத் தையுங்கள். இந்தத் திறப்பு இல்லாவிட்டால் தலை நுழையாது. பிறகு கழுத்துக்கும் கைக்குழிகளுக்கும் கிராஸ் பட்டி வைக்க வேண்டும். பக்கங்களை மூடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் துணி விரிந்து கிடப்பதால் கைக்கு எளிது. அதன்பின் இடுப்பு நாடாக்களை உள்ளே வைத்து, பக்கங்களை ஓர் அங்குலம் விட்டுத் தையுங்கள்.

கீழ்ப்பாகத்தின் இரு துண்டுகளையும் பக்கங்களில் இணைத்து, அடியில் முதலில் அரை அங்குலமும் பின்பு 2 அங்குலமும் மடித்துத் தையுங்கள். அதற்கு மேல் ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு ‘டக்’ பிடிக்க வேண்டும். டக் என்பது துணியைச் சுற்றிலும் மடித்துத் தைக்கும் வரி. ஒரு டக் 2 அங்குலத் துணியை உள்ளடக்கிக்கொள்ளும். அடிமடிப்பும் மேல்தையலும் இரண்டு டக்குகளும் போக, 21 அங்குலத் துணி 14 அங்குலமாக நிற்கும். தங்கைக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை தேவையானதும் அதுவே.

பிறகு மேல் விளிம்பில் பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டி, நூலை இழுத்தால் சுருக்கம் விழும். உடல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் தனித்தனியே நான்கு சம பாகங்களாகச் சாக்கட்டியால் குறித்து, குறியோடு குறி பொருந்தக் குண்டூசி குத்தினால் சுருக்கம் எங்கும் ஒரே சீராக இருக்கும். இரண்டையும் இணைத்து, பின்கழுத்தில் கொக்கி வைத்தால் கவுன் முடிந்தது. ஒவ்வொரு தையலையும் முடித்தவுடன் சலவைப் பெட்டியால் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடையில் தைத்தது போன்ற தோற்றம் வருவதன் இரகசியம் இதுதான்.

மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். முன்னே ஒரு தையல் வைத்து, பின்னே திரும்பி ஊசி குத்தி வரும் கெட்டித்தையல் மிகவும் உறுதியானது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் தம் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1846-ஆம் ஆண்டில். ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851-இல். அதற்கு முன் அரசர்களின் அங்கிகளும் கையால் தைத்தவையே. இயந்திரங்களைப் பற்றி ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளும் 1924-இல் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி படும் சிரமத்தைக் குறைக்க எண்ணிய அன்பில் அது பிறந்தது என்பது அவர் கூறிய காரணம்.

வளர்வதற்கு இடம்

‘ரெடிமேட் கவுன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். ரெடிமேட் உடை ஒன்றின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் தையலுக்கு வெளியே கால் அங்குலத் துணிதான் இருக்கும். அதைப் பிரித்துவிட வழியில்லை. குழந்தை வளர்ந்தால் உடை வீண்.

இந்தக் கவுனிலோ பக்கத்துக்குப் பக்கம் ஓர் அங்குலம் உள்ளே இருக்கிறது. அதில் அரை அங்குலம் வீதம் பிரித்துவிட்டால் மார்பில் மொத்தம் 2 அங்குலம் கூடும். ஆறு வயதுக் குழந்தை ஓர் ஆண்டில் 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயரும். ஒரு டக்கைப் பிரித்தால் கிடைப்பது 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு வளர்ச்சி ஒரு டக்கினுள் அடங்கியிருக்கிறது! அதனால்தான் டக்கைப் பிரிக்க எளிதாகப் பெரிய தையலாகப் போட வேண்டும். தையல் இருந்த கோடு சிறிது தெரிந்தால் அதன்மேல் ஒரு லேஸ் வைத்துவிடலாம்.

கைத்தொழிலாகக் கொள்ள

நம் மாவட்டத்திலிருந்து எத்தனையோ அக்காமார்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் தையல் வேலைக்குச் செல்கிறார்கள். அங்கே வேலை பகிர்ந்து அளிக்கப்படுகிறது. ஒருவர் காலர் மட்டும், ஒருவர் கை மட்டும் தைப்பார். பல ஆண்டுகள் தைத்தும் ஒரு முழு உடையை அளந்து வெட்டும் வாய்ப்பு பலருக்கு அமைவதில்லை. தையற்கடைகளிலும் வெட்டுபவருக்கே ‘கட்டிங் மாஸ்டர்’ என்ற மதிப்பு. தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தப் பயிற்சிப் பிரிவுக்கு முன்பு ‘கட்டிங் அண்ட் சூயிங்’ என்று பெயர். பெயரிலேயே வெட்டுதல் முதலில் நிற்பதைக் கவனியுங்கள்.

தமிழக அரசு, மாநில அமைச்சராகவும் மத்திய அமைச்சராகவும் விளங்கிய சத்தியவாணி முத்து அம்மையாரின் நினைவாக, ஆதரவற்ற பெண்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இலவசத் தையல் மெஷின் வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. அதற்கு விண்ணப்பிப்பவர் தையல் தெரியும் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். மெஷின் இலவசமாகக் கிடைத்தாலும் கைப்பழக்கத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

சகோதரிகளே! அளப்பதற்கும், கணக்குப் போடுவதற்கும், காகிதத்தில் வெட்டிப் பழகுவதற்கும் மெஷின் தேவையில்லை. ஓர் அங்குல நாடாவும் பழைய செய்தித்தாளும் இல்லாத வீடு அரிது. வரும் விடுமுறையில் உங்கள் தங்கையையோ அண்டைவீட்டுக் குழந்தையையோ நிறுத்தி, நான்கு அளவுகளை எடுத்து நோட்டில் எழுதுங்கள். காகிதத்தில் மூன்று முறை வெட்டிப் பாருங்கள். பெற்றோர்களே! உங்கள் மகள் அதைச் செய்து காட்டினால் ஒன்றரை மீட்டர் பருத்தித் துணியை நம்பி வாங்கிக் கொடுங்கள். அளந்து வெட்டிய துணி சரியாகப் பொருந்தும் நாளில், ‘வெட்டிக் கொடுத்தால் தைத்துவிடுவேன்’ என்று அவள் யாரிடமும் போய் நிற்க வேண்டியிராது.